பதிவேட்டில் இல்லாதவர்

சற்று நீளமான பதிவு இது. ஆய்வேட்டில் சேர்க்க முடியாத செய்தி. ஆனால் இதை எங்கும் சொல்லாமல் அந்த ஆய்வேட்டை நேர்மையாக முடிக்க இயலாது என்று பல மாதங்களாகத் தோன்றிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

“தீர்மானம் 7: மேற்படி விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. மரித்தவர் சபைப் பதிவேட்டில் இடம்பெறாதவர் என்பதால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்பட்டது.”

இவ்வாக்கியங்களை எழுதியவன் நான். மூன்றாண்டுகளுக்கு முன், ஜூலை மாதத்து மழை இரவு ஒன்றில், செகந்திராபாத்தின் ஒரு தமிழ்ச் சபையில், கமிட்டியின் குறிப்புப் புத்தகத்தில் நீல மையால் எழுதினேன். தமிழ் நன்றாக வரும் என்பதால்தான் அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். இன்று அவ்வாக்கியங்களை வாசித்தாலும் இலக்கணப் பிழை எதுவும் தென்படவில்லை.

நான் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவன். தந்தை சிற்றூர் ஒன்றில் உபதேசியாராக இருந்தவர். தெலுங்கு நாட்டுத் திருச்சபை வரலாற்றில் ஆய்வு செய்வதற்காக ஐதராபாத்துக்கு வந்தபோது என்னிடம் இரண்டு பெட்டிகளும் ஒரு கடிதமும் இருந்தன. கடிதம் எங்கள் ஊர்ச் சேகரத்துக் குருவானவர் கொடுத்தது. ‘இதைக் கொண்டுவரும் வாலிபன் நம் சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவன்’ என்று தொடங்கும், எல்லோரும் அறிந்த அந்தக் கடிதந்தான். முதல் ஞாயிறு அதைக் கொடுத்தேன். இரண்டாம் ஞாயிறு எனக்கு ஓர் உறுப்பினர் எண் இருந்தது. மூன்றாம் ஞாயிறு ஒரு மூத்த தம்பதியர் தங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறு போட்டார்கள். அந்தப் பெரியவர் வெள்ளாளன்விளையைக் கேட்டார், மெஞ்ஞானபுரத்தைக் கேட்டார், என் பாட்டனாரின் பெயரைக் கேட்டார். பாயசம் வருவதற்குள் நாங்கள் எந்த வழியில் உறவு என்று கண்டுபிடித்துவிட்டார்.

அந்த வரவேற்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அயலூரில் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர்கள் அவர்கள். பிரிட்டிஷாரின் பாளையத்தோடும், படைப்பிரிவுகளோடும், பின்னர் இரயில்வேயோடும் இவ்விரட்டை நகரத்துக்கு வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள். மொழி அறியாத ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பாமாலையையும் தமிழ் வேதாகமத்தையும் காப்பாற்றி வைத்திருப்பவர்கள். ஏற்றுக்கொள்ளப்படுதல் என்றால் என்னவென்று நான் கற்றது அவர்கள் வீட்டுத் திண்ணையில்தான். ஒரு கடிதமும் ஒரு பாட்டனாரும் இருந்தால் அது எத்தனை எளிது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அதே ஆலயத்தின் கடைசி இருக்கையில் வேறொரு குடும்பம் உட்காரும். கணவன், மனைவி, இரு பிள்ளைகள். அவர் கட்டடங்களில் தரைக்கு ஓடு பதிக்கும் வேலை செய்பவர். விழுப்புரம் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள். ஊரில் ஒரு சிறிய செபவீட்டில் விசுவாசத்துக்கு வந்ததாகவும், அந்தச் செபவீட்டை நடத்தியவர் இறந்தபின் அது மூடப்பட்டதாகவும் பின்னால்தான் அறிந்தேன். ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கும் நேரத்துக்கு முன்பே அவர்கள் கிளம்பிவிடுவார்கள். திருவிருந்துக்கு மற்றவர்கள் முன்னே சென்று முழங்காலிடும்போது அவர் தலைகுனிந்து இருக்கையிலேயே இருப்பார். திடப்படுத்தல் பெறாதவர், யாரும் சொல்லாமலே தம் இடத்தை அறிந்திருந்தார். நாங்கள் அதை அடக்கம் என்று புகழ்ந்திருக்கிறோம்.

இரண்டாண்டுகள் அப்படி வந்துகொண்டிருந்தவர் ஒரு வியாழக்கிழமை வேலையிடத்தில் மயங்கி விழுந்து, மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார். அன்று மாலையே அவர் மனைவி ஆலயத்துக்கு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஓர் இடம் வேண்டும் என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கமிட்டி அவசரமாகக் கூடியது. அக்கூட்டத்தில் எவரும் கடுமையாகப் பேசவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். எல்லோரும் வருந்தினார்கள். கூடவே எல்லோரிடமும் காரணங்கள் இருந்தன. தோட்டத்தில் இடம் குறைவு. இன்று ஒருவருக்குக் கொடுத்தால் நாளை எவரை மறுப்பது? மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு என்ன பதில்? முந்தைய சபையின் கடிதம் எங்கே? ஞானஸ்நானச் சான்று எங்கே? ஒருவர் மட்டும், மிகவும் இயல்பாக, “அவர்கள் ஊரில் எந்தப் பக்கம்? எந்தத் தெரு?” என்று கேட்டார். அக்கேள்வியின் பொருள் தமிழர் எவருக்கும் விளங்கும். பதில் யாருக்கும் தெரியவில்லை. கேள்வி மேசைமேல் கிடந்தது. யாரும் அதை எடுத்து அப்பால் வைக்கவில்லை.

எங்கள் போதகர் ஒரே ஒரு முறை பேசினார். “இரண்டு வருடமாக அவர்கள் இங்கேதானே வருகிறார்கள்” என்றார்.

“வருவது வேறு, ஐயா. இருப்பது வேறு” என்றார் பொருளாளர்.

கைகள் உயர்ந்தன. எதிர்த்து ஒரு கையும் இல்லை. போதகர் நடுநிலையாக இருக்கவேண்டிய தலைவர். நான் குறிப்பெழுதுபவன். எழுதுகிறவனுக்குக் கருத்து இருக்கத் தேவையில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீர்மானத்தை எழுதியதோடு அந்த அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தையும் எழுதினேன். ‘தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்’ என்று தொடங்கி ‘இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று முடித்திருந்தேன். வாசற்படியில் நின்றிருந்தவரிடம் நானே கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “சரிங்க தம்பி” என்றார்.

அதன்பின் அவர்கள் வரவில்லை. கடைசி இருக்கை காலியாக இருந்தது. வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து என் ஆய்வுக்காக அந்தச் சபையின் பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று தனித்தனியாக, தோலட்டை போட்ட பெரிய புத்தகங்கள். அடக்கப் பதிவேடுகள் ஒரு வரலாற்று மாணவனுக்குப் பெரும் செல்வம். எந்த ஆண்டில் காலரா வந்தது, எந்தப் படைப்பிரிவு எங்கிருந்தது, எத்தனை குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன என்பதெல்லாம் அங்கே இருக்கும். வழக்கம்போல் புத்தகத்தின் கடைசி எங்கே முடிகிறது என்று பார்க்கப் புரட்டினேன். கடைசிப் பதிவு போதகரின் கையெழுத்தில் இருந்தது. மரித்த நாள், அடக்கம் செய்த நாள், பெயர், வயது 41, தொழில், அடக்க ஆராதனை நடத்தியவர். எல்லாப் பத்திகளும் நிரப்பப்பட்டிருந்தன. இடம் என்ற பத்தியில் நகரத்தின் எல்லையிலுள்ள ஒரு பொது மயானத்தின் பெயர். குறிப்பு என்ற கடைசிப் பத்தியில் இரண்டே சொற்கள்: ‘நம் சபையார்.’

கமிட்டியில் தோற்றுப்போன போதகர், மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல், அங்கியை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி அங்கே போயிருக்கிறார். ஞாயிறு வழக்கம்போல் பிரசங்கம் செய்தார். எங்களில் ஒருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. அது பொறுமையா, தளர்ச்சியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் கூட்டத்திலேயே எழுந்து நின்று மறுத்திருக்க வேண்டும் என்று நினைக்கும் நாட்கள் உண்டு. மேய்ப்பன் இரவில் தனியே போய்த் தேடுவது மட்டும் போதுமா, பட்டியின் கதவைத் திறந்துவைப்பதும் அவன் வேலைதானே என்று தோன்றும். ஆனால் அக்கேள்வியைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்பது அடுத்த கேள்வி. அவர் போனார். நான் போகவில்லை.

மேய்ப்பரைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தையோ 23ஆம் சங்கீதத்தையோ எடுத்துக்கொள்கிறோம். நல்ல மேய்ப்பன் ஒருபக்கம், கூலியாள் மறுபக்கம். அல்லது எசேக்கியேலின் 34ஆம் அதிகாரத்தை எடுத்துத் தங்களையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்களைக் கண்டிக்கிறோம். போதகர்கள்மேல் குறை சொல்ல அந்த அதிகாரம் மிகவும் உதவும். ஆனால் அதன் நடுப்பகுதியைப் பெரும்பாலும் வாசிக்காமல் தாண்டிவிடுகிறோம். அங்கே தீர்க்கதரிசி மேய்ப்பர்களை விட்டுவிட்டு ஆடுகளிடம் திரும்புகிறார். நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மீதியைக் காலால் மிதிக்கும் ஆடுகள் உண்டு. தெளிந்த நீரைக் குடித்துவிட்டு மிச்சத்தைக் கலக்கிவிடும் ஆடுகள் உண்டு. மெலிந்தவற்றை விலாவாலும் தோளாலும் தள்ளி, கொம்பால் முட்டி வெளியே துரத்தும் கொழுத்த ஆடுகள் உண்டு என்கிறார். கடவுளின் நியாயத்தீர்ப்பு ஆட்டுக்கும் ஆட்டுக்கும் இடையே நடக்கிறது.

பங்கு வாழ்க்கையில் நிராகரிப்பு பெரும்பாலும் அப்படித்தான் நிகழ்கிறது. பீடத்திலிருந்து ஒருவர் இன்னொருவரை வெளியே போகச் சொல்லும் காட்சி அரிது. தோளால் தள்ளுவது போதும். ‘எந்தத் தெரு’ என்ற கேள்வி ஒரு தோள். ‘கடிதம் எங்கே’ என்பது ஒரு விலா. என் அழகிய கையெழுத்து ஒரு கொம்பு.

ஒரு சொல்லின் வரலாறும் இங்கே நினைவுக்கு வருகிறது. கத்தோலிக்கரும் மற்றவரும் வழங்கும் ‘பாரிஷ்’ என்ற சொல், ‘பரோக்கியா’ என்னும் லத்தீன் வடிவத்தின் வழியாக ‘பரோய்க்கியா’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குடியுரிமை இல்லாமல் ஓர் ஊரில் தங்கியிருப்பவனின் நிலையை அச்சொல் குறித்தது. அருகே வாழ்பவன், ஆனால் அவ்வூரான் அல்லன். பேதுருவின் முதல் நிருபம் விசுவாசிகளை அச்சொல்லால்தான் அடையாளப்படுத்துகிறது; நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதே நிலையைப் ‘பரதேசி’ என்ற சொல்லால் தருகிறது. ஆக, பாரிஷ் என்பது பரதேசிகள் கூடித் தங்கும் இடம். வந்தவன் பரதேசி என்பதைக் காரணமாகக் காட்டி ஒரு பாரிஷ் அவனுக்கு ஆறடி மண் மறுத்தால், அது தன் பெயரையே மறந்துவிட்டது என்று பொருள். நாங்களும் இந்நகரத்தில் பரதேசிகளே. ஆனால் நாங்கள் முன்னால் வந்துவிட்டோம்.

நாசரேத்தில் இயேசு நிராகரிக்கப்பட்டதை லூக்கா 4ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அக்காட்சியில் என்னை இப்போது நிறுத்துவது ஒன்றே. அவர் வாசித்து முடித்தபோது ஊரார் கோபப்படவில்லை. அவர் பேச்சை வியந்தார்கள். கோபம் எப்போது வந்தது? பஞ்ச காலத்தில் எலியா அனுப்பப்பட்டது இஸ்ரவேலின் விதவைகளிடத்துக்கு அல்ல, சீதோன் நாட்டுச் சரெப்தாவின் விதவையிடத்துக்கு என்றும், எலிசாவின் காலத்தில் குணமானவன் சீரியனாகிய நாகமான் என்றும் அவர் நினைவூட்டியபோது வந்தது. தங்கள் பதிவேட்டில் இல்லாதவர்களின் பெயர்களைக் கடவுளின் பதிவேட்டிலிருந்து அவர் வாசித்தார். அதற்காக அவரை மலையுச்சிவரை தள்ளிக்கொண்டு போனார்கள். பிறரை ஏற்றுக்கொள்ளச் சொன்னவர், சொந்த ஊராரால் தள்ளப்பட்டார்.

என் ஆய்வு இதோடு எப்படி முட்டியது என்பதைச் சொல்ல வேண்டும். நான் ஆராய்வது பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் தோர்ணக்கல் மறைமாவட்டம். 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர் அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது முன்னின்றவர்களில் ஒருவர். இந்தியரின் பணத்தில், இந்தியரின் உழைப்பில், இந்தியரின் பொறுப்பில் நடக்கும் பணி என்பதே அதன் உறுதி. என் தாய் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பிடி அரிசிக் காணிக்கை. அது யாருக்கு என்று சிறுவயதில் கேட்டால், “தெலுங்கு ஜனங்களுக்கு” என்பார். ஒரு தெலுங்கரையும் அவர் அதுவரை பார்த்ததில்லை.

1909இல் அசரியா நிஜாமின் ஆட்சிப்பகுதியிலிருந்த தோர்ணக்கலுக்கு வந்தார். பிறந்த மொழி தமிழ். வந்த இடத்து மொழியைக் கற்றுக்கொண்டார். அவர் பெரும்பாலும் பணிசெய்தது மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட மக்களிடையே. ஞானஸ்நானம் பெறுவோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, தாம் பெற்ற நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாதிருப்பது தமக்குக் கேடு என்று அறிக்கையிடச் செய்தார். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்து, நீங்கள் பெறுகிறவர்கள் மட்டுமல்லர், கொடுக்கிறவர்களும் என்று சொன்ன செயல் அது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு செய்யப்பட்டார். 1945 புத்தாண்டு நாளில் இறக்கும்வரை தோர்ணக்கலே அவர் ஊர்.

அவர் வாழ்வில் நான் திரும்பத் திரும்பச் செல்லும் இடம் 1910ஆம் ஆண்டின் எடின்பரோ உலக மிஷனெரி மாநாடு. அதன் அறிக்கைகள் ஒன்பது தொகுதிகளாக வெளிவந்தன. கடைசித் தொகுதியில் அசரியாவின் உரை இருக்கிறது. அப்போது அவருக்கு 35 வயது. அரங்கில் பெரும்பாலோர் மேல்நாட்டவர். மிஷனெரிகள் இந்தியருக்காகப் பொருளைக் கொடுத்தார்கள், உழைப்பைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள். அதற்காகத் தலைமுறைகள் நன்றி சொல்லும் என்கிறார். ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்து உண்பதும், வீட்டுக்கு அழைப்பதும், தோழனாக நடத்துவதும் அரிதாகவே இருந்தன என்கிறார். இறுதியில், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருள்பட முடிக்கிறார். அரங்கில் பலருக்கு அது உவப்பாக இல்லை.

அடக்கப் பதிவேட்டைப் பார்த்த அதே வாரத்தில்தான் இவ்வுரையை மூன்றாம் முறையாக வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ‘காலனியச் சூழலில் சமத்துவத்துக்கான கோரிக்கை’ என்று தலைப்பிட்டு இரண்டு பக்கம் எழுதியும் இருந்தேன். திடீரென்று அந்த மேசை எனக்குத் தெரிந்த மேசையாக மாறிவிட்டது. ஆராதனைக்குப் பின் தேநீர் கொடுக்கும் மேசை. இரண்டாண்டுகளில் ஒருநாள்கூட அந்த மனிதரிடம் “இருங்கள் அண்ணே, தேநீர் குடித்துவிட்டுப் போகலாம்” என்று நான் சொன்னதில்லை. அசரியா மேல்நாட்டவரிடம் கேட்டதை, அசரியாவைப் பற்றி ஆராய்கிறவனிடம் யாராவது கேட்டிருந்தால்? கேட்காமலே போய்விட்டார்.

அசரியாவின் பணியையும் குறையற்றது என்று சொல்ல இயலாது. மாலா, மாதிகா என்ற பிரிவினை அவர் காலத்திலும் பின்னரும் தெலுங்குச் சபைகளை முழுதாக விட்டு நீங்கவில்லை. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிக்கென்று சுவர் நிற்கும் ஊர் உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இதே ஐதராபாத்தின் பேராயர் அந்தோணி பூலா 2022 ஆகஸ்டு 27 அன்று கர்தினாலாக உயர்த்தப்பட்டபோது, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் என்று உலகம் எழுதியது. மகிழ்ந்தோம். ‘முதல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை நூற்றாண்டுகள் இருக்கின்றன என்றும் எண்ணிப் பார்த்தோம்.

இன்னொரு காகிதமும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, அதன் மூன்றாம் பத்தியில், இந்து அல்லாத ஒருவரைப் பட்டியல் சாதியினராகக் கருதலாகாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதற்குள் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியேதான். மத வேறுபாடு பாராமல் அந்தத் தகுதி வழங்கப்பட வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. உன் மதத்தில் சாதி இல்லையே என்று அரசு சொல்கிறது. எந்தத் தெரு என்று சபை கேட்கிறது. இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு மனிதர் தம் காகிதங்களோடு நிற்கிறார். இவ்வநீதியை எதிர்த்து நானும் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். அரசின் மேசையைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்தது.

ஒழுங்குகள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பதிவேடு இல்லாத சபை சில ஆண்டுகளில் யாரோ ஒருவரின் சொத்தாகிவிடும். கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு என்பதும் பொய்யல்ல. அந்தக் கமிட்டியில் இருந்தவர்களில் ஒருவர்தான் எனக்குப் பாயசம் கொடுத்த பெரியவர். அவரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது, எழுதினால் பொய். ஆயினும் பதிவேட்டுக்கு இரண்டு பயன்கள் உண்டு என்று இப்போது புரிகிறது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை மறக்காமல் இருக்க ஒரு பட்டியல் வேண்டும். நூறு ஆடு என்று எண்ணி வைத்திருந்ததால்தானே ஒன்று குறைந்தது அந்த மேய்ப்பனுக்குத் தெரிந்தது? அதே பட்டியலை, நமக்குப் பொறுப்பில்லாதவர்கள் யார் என்று காட்டவும் பயன்படுத்தலாம். முதல் பயன் மேய்ப்பனுடையது. இரண்டாவது காவற்காரனுடையது. நாங்கள் மேய்ப்பனின் புத்தகத்தைக் காவற்காரனின் கண்ணோடு வாசித்தோம். போதகர் அதே புத்தகத்தை எடுத்து, அது எதற்காக வைக்கப்பட்டதோ அதற்காகப் பயன்படுத்தினார்.

சென்ற ஆண்டு அந்த அம்மாவைத் தேடிப் போனேன். போதகரிடம் முகவரி இருந்தது. மாதந்தோறும் அவர் அங்கே போய்வருவதும் அப்போதுதான் தெரிந்தது. ஒற்றை அறை வீடு. மூத்த பெண் தெலுங்கு வழிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் யாரென்று சொல்லத் தொடங்குமுன், “கடுதாசி கொடுத்த தம்பிதானே” என்றார்.

மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இடம் கொடுக்காதது கூடப் பரவாயில்லை தம்பி. அன்றைக்கு ராத்திரி உள்ளே அத்தனை பேர் இருந்தீர்களே, ஒருத்தராவது வெளியே வந்து என்கூட நின்றிருக்கலாம்” என்றார்.

மீண்டும் ஆலயத்துக்கு வருமாறு அழைத்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு தெலுங்குச் செபக்கூடத்துக்குப் போவதாகச் சொன்னார். பாட்டு இன்னும் முழுதாகப் புரியவில்லை, ஆனால் கூட்டம் முடிந்ததும் சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள் என்றார். பிறகு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். குடித்தேன். திரும்பும்போது என் தாயின் பிடி அரிசிப் பானை நினைவுக்கு வந்தது. தெலுங்கு ஜனங்களுக்கென்று எங்கள் வீடுகளில் எடுத்துவைக்கப்பட்ட அரிசி எங்கே போயிற்றோ, அங்கிருந்து ஒரு தமிழ் விதவைக்குச் சோறு கிடைத்துக்கொண்டிருக்கிறது. எங்களிடமிருந்து கிடைக்கவில்லை.

வரும் மாதம் சபையின் ஆண்டுக் கூட்டம். ஒரு தீர்மானம் கொண்டுவர விண்ணப்பித்திருக்கிறேன். ஓராண்டுக்கு மேல் ஆராதனைக்கு வரும் எந்தக் குடும்பத்தையும் கடிதம் இல்லாவிட்டாலும் போதகரின் சாட்சியின்பேரில் சபையாராகக் கருத வேண்டும். துக்க வீட்டின் விண்ணப்பத்தைப் பதிவேட்டைக் காட்டி மறுக்கக் கூடாது. இவ்வளவுதான். நிறைவேறுமா என்று தெரியாது. பொருளாளர் என்னிடம் வருத்தத்தோடு பேசினார். பாயசம் கொடுத்த பெரியவர் சில வாரங்களாக என்னைப் பார்த்தும் பாராததுபோல் போகிறார். அது வலிக்கிறது. இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே உறவு அது. வலிக்கும்போது, கடைசி இருக்கை எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் தெரிகிறது. கொஞ்சந்தான், என்னிடம் இன்னும் அந்தக் கடிதமும் உறுப்பினர் எண்ணும் இருக்கின்றன.

பழைய குறிப்புப் புத்தகத்திலிருந்து தீர்மானம் 7ஐ நீக்கிவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஆவணங்களை நம்பிப் பிழைக்கிறவன் நான். அடித்து அழிப்பது எங்கள் தொழிலுக்கு ஆகாது. நூறாண்டு கழித்து யாரோ ஒரு மாணவர் அந்த இரண்டு புத்தகங்களையும் திறப்பார். குறிப்புப் புத்தகத்தில் என் கையெழுத்தையும், அடக்கப் பதிவேட்டில் போதகரின் கையெழுத்தையும் அருகருகே வைத்து வாசிப்பார். வாசிக்கட்டும்.

இதை வாசிக்கும் ஆய்வாள நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சபைகளின் பதிவேடுகளை நாம் பெரும்பாலும் உள்ளே இருப்பவர்களை எண்ணுவதற்கே திறக்கிறோம். அடுத்த முறை கமிட்டிக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘தள்ளுபடி செய்யப்பட்டது’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது, யார் விண்ணப்பத்தின்மேல் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் திருச்சபை வரலாற்றின் ஒரு பாதி அங்கே இருக்கிறது. முடிந்தால், வருகிற ஞாயிறு தேநீர் நேரத்தில் கடைசி இருக்கையிலிருந்து எழுந்து போகிறவரை ஒருமுறை பெயர் கேளுங்கள். ஊர் கேட்க வேண்டாம்.